கறுப்பு டேப் சுற்றிய பெட்டியும் என் குசினி இடுக்கியும்

இன்று காலை என் குசினி இடுக்கியைக் காணவில்லை.

தேடிப் பார்த்தால், என் கணவரின் முதுகுப் பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

காரணம் என் தங்கை சுதா. சின்ன வயதில் பெரியம்மாவோடு கனடா போனவள், லீவில் வந்து நிற்கிறாள். நாளைக்குப் பயணம். அதற்குமுன் திருகோணமலையில் அக்காவோடு ஒரு ஜியோகேஷிங் போயே தீரவேண்டுமாம்.

(தெரியாதவர்களுக்கு: யாரோ ஒரு சின்னப் பெட்டியை ஒளித்துவைத்து, இடத்தை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துத் தேடிப் போய், உள்ளே உள்ள தாளில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை அங்கேயே திரும்ப வைக்க வேண்டும். பரிசு கிடையாது. கேட்டுப் பார்த்தேன்.)

"போன், பேனை, தண்ணிப் போத்தல். அவ்வளவும் காணும் அத்தான்" என்றாள் சுதா.

அத்தான் அடுக்கியவை: தோட்டக் கையுறை, நீளக் கயிறு, டோர்ச், என் இடுக்கி. கையில் தும்புத்தடி வேறு.

"என்னப்பா, உள்துறைமுகக் கரைக்குப் போறமோ, முதலை பிடிக்கப் போறமோ?" என்றேன்.

"நீர் பேசாமல் வாரும். தேவைப்படும்."

"தும்புத்தடி?"

"தேவைப்படாட்டி அந்த இடத்தைக் கூட்டிப்போட்டு வருவம்."

வழி முழுக்க நானும் சுதாவும் அவரை விடவில்லை.

கடலைப் பார்த்த ஒரு வேப்பமரத்தடியில் போன் "இங்கேதான்" என்றது. சுதாவுக்கு முழங்கால் வருத்தம், குந்த ஏலாது.

"அக்கா, வேருக்குள்ள கையை விட்டுப் பாருங்கோ."

குந்தினேன். கறுப்பு டேப் சுற்றிய ஒரு பெட்டி.

கை அப்படியே நின்றுவிட்டது.

நாங்கள் யுத்தத்துக்குள் வளர்ந்த காலத்தில், ஆளில்லாத பார்சலைத் தொடாதே, குண்டாயிருக்கும் என்பதுதான் இந்த ஊரில் முதல் பாடம். இன்றும் பஸ்ஸில் சீற்றுக்கு அடியில் குனிந்து பார்க்காமல் நான் உட்காருவதில்லை. (கம்பசில் பௌதிகம் படித்தவள்தான். மூளைக்கு எல்லாம் தெரியும். கைக்குத் தெரியவில்லை.)

"சுதா, தள்ளி நில்."

சிரித்தாள். "அக்கா, அது சாப்பாட்டுப் பெட்டி." பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"சரி, விடுங்கோ. வீட்ட போவம்."

சின்னப் பிள்ளையில் ஆசை இருந்தும் ஐஸ்கிறீம் வேண்டாம் என்று சொல்லும்போதும் இதே குரல்தான்.

திரும்பினால், கணவர் கையுறை போட்டுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் விளங்கியது. காலையில் இந்த மனிதர் விளையாட்டுக்கு அடுக்கவில்லை. பெட்டிக்குப் பயந்து அடுக்கியிருக்கிறார்.

"கட்டிப்போட்டுத் தூர நிண்டு இழுப்பம்" என்றார், சீரியஸாக.

"கட்டுறது ஆர்?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை.

இந்த விவாதத்துக்கிடையில் ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று வந்து, வேருக்குள் மூக்கை விட்டு மணந்து, டேப்பை ஒரு நக்கு நக்கிவிட்டுப் போனது.

"இப்ப சரியா, அக்கா?"

இடுக்கியால் பிடித்தேன். வழுக்கியது. மறுபடியும் வழுக்கியது. கடைசியில் கையாலேயே எடுத்தேன்.

உள்ளே ஒரு தாள், ஒரு சட்டைப் பொத்தான், ஒரு பிளாஸ்டிக் தவளை.

சுதா தன் பெயரை எழுதிவிட்டுப் பேனையை நீட்டினாள். "நீங்கதானே எடுத்தனீங்க."

என் பெயரையும் அவர் பெயரையும் எழுதினேன். (மானின் பெயர் தெரியாது.)

பெட்டியைப் பழையபடி வேருக்குள் வைத்துவிட்டுத் திரும்பும்போது பஸ். நானும் அவரும் வழக்கம்போல் சீற்றுக்கு அடியில் குனிந்து பார்த்தோம்.

சுதாவும் எங்களோடு குனிந்தாள்.

"என்ன அத்தான், இஞ்சயும் ஒண்டு ஒளிச்சு வைச்சிருக்கினமோ?"

நீங்களென்றால் என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?