மூன்றாவது ஓலை

பாடாலூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில். சுற்றிலும் அதைச் சேர்ந்த ஆறு சின்ன ஊர்கள். எந்த ஊரில் கல்யாணம் என்றாலும், மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லிச் சாமியார் ஓலை வாசிப்பார். "தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று முடிப்பார். யாரும் சொன்னதில்லை. அதற்குள் பாதிப் பேர் செருப்பு விட்ட இடத்துக்கு நகர்ந்திருப்பார்கள்.

என் ஓலை வாசித்தபோது நான் பெரம்பலூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு வருடம் பாக்கி. மாப்பிள்ளை பக்கத்து ஊர், நல்லவர்தான். ஆனால் கல்யாணத்தோடு படிப்பு நின்றுவிடும் என்று, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகியிருந்தது. அப்பாவிடம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்து வீட்டு அத்தையிடம் மட்டும், மக்காச்சோளம் ஒடிக்கும்போது சொல்லி அழுதேன். அத்தைக்கு எல்லாமே மாரியம்மன்தான். எங்கள் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவதோடு சரி, பூசை பார்த்ததில்லை. என் பெயரை வாசிப்பதைக் கேட்க, மூன்றாவது வாரம் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

சாமியார் வாசித்து முடித்தார். அத்தை எழுந்து நின்றார்.

"தடை இருக்குதுங்க சாமி."

கோயிலே திரும்பிப் பார்த்தது. அந்த வாரம் ஊருக்கு வந்திருந்த நான் முக்காட்டை இழுத்துக் குனிந்துகொண்டேன். உறவுமுறை, முன்பே நடந்த கல்யாணம், இதெல்லாம்தான் தடை என்று அத்தைக்கு யார் சொன்னது? கேட்டார்கள், சொல்லிவிட்டார்.

"சொல்லுங்கம்மா" என்றார் சாமியார்.

"புள்ள இன்னும் ஒரு வருசம் படிக்கணும்ங்க. முடிச்சிட்டுக் கட்டிக்கட்டும். அது அழுவுது, நீங்க யாரும் பாக்கல."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன், ஒருவரும் சிரிக்கவில்லை. "அது இந்தத் தடையில சேராதும்மா" என்று சாமியார் இழுத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். "சேத்துக்குங்க ஃபாதர். ஒரு வருசம்தானே, நாங்க இருக்கோம்." அந்த இரண்டு பேரையும் நினைத்தால் இன்றும் எனக்கு அவ்வளவு பெருமை. இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனவர்கள் இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து மூன்று ஓலை. மூன்றாவது வாரம் சாமியார் தடை பற்றிக் கேட்டுவிட்டு நிறுத்தினார். அன்று ஒருவரும் செருப்புப் பக்கம் நகரவில்லை. எல்லாத் தலையும் அத்தை பக்கம் திரும்பியது.

அத்தை எழுந்து என்னைப் பார்த்தார்.

"என்னம்மா, முடிச்சிட்டியா?"

தலையாட்டினேன்.

"அப்ப ஒண்ணும் இல்லிங்க சாமி" என்று உட்கார்ந்தார்.