படகு டிரெய்லரும் என் கிரீஸ் கன்னும்

நெய்வேலியில் கடல் இல்லை. ஆனாலும் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் பதினோரு வருடமாக ஒரு ஃபைபர் படகு, டிரெய்லர் மேல் உட்கார்ந்திருந்தது. பிளாக்குக்குள் வழி கேட்டு வருகிறவர்களிடம் "போட்டு நிக்கிற வீடு" என்று சொன்னால் போதும், நேராக வந்துவிடுவார்கள்.

நான் தூத்துக்குடிப் பக்கம். சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பு. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் இல்லையென்றால் டிரெய்லரைப் பழைய ஜீப்பில் மாட்டி, உப்பனாற்றில் மீன் பிடிக்கக் கடலூருக்கு இழுத்துக்கொண்டு போவேன். என் மனைவி கரூர்க்காரி. முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றாலே அவளுக்கு ஆகாது. படகைக் கழுவிக் கொடுப்பாள், கொடுவா மீன் கிடைத்தால் பிரமாதமாகக் குழம்பு வைப்பாள். ஏறச் சொன்னால் மட்டும் காது கேட்காது. அவளுக்கென்று வாங்கிய லைஃப் ஜாக்கெட் விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் பீரோ மேல் கிடந்தது.

போன வருடம் ஓய்வு பெறும் மாதம் நெருங்கியது. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கரூரில் அவள் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில், மூன்றாவது மாடியில் ஒரு ஃப்ளாட் பார்த்து வைத்திருந்தோம். மாடிக்குப் படகை ஏற்ற முடியாது. பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, புதன்கிழமை வருவதாகப் பேச்சு. எனக்கு மனசே இல்லை. சொல்லவும் இல்லை.

அப்போதுதான் ஒரு நாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள்: "ஏனுங்க, இந்த ஞாயித்துக்கிழமை நானும் வர்றேன். குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை."

எனக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமையே கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே எங்கள் வேலைமுறை ஒன்றைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் நிலக்கரித் தூள் புகாத இடம் கிடையாது. கன்வேயர் பேரிங்குக்குக் கிரீஸ் அடித்தால், உள்ளே இருக்கும் கறுத்த கிரீஸ் முழுக்க வெளியே வழிந்து, புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். அழுக்கு அதோடு வந்துவிடும். கிரீஸ் வழியவில்லையென்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். எத்தனையோ பேரைத் திட்டித் திட்டி நான் இதைச் செய்ய வைத்திருக்கிறேன். டிரெய்லர் சக்கரத்துக்கும் பதினோரு வருடமாக அதையேதான் செய்தேன்.

"போதுமுங்க. சோறு ஊட்டற மாதிரி ஊட்டிக்கிட்டே இருக்கீங்க" என்றாள் அவள், துணி காயப்போட்டபடி.

"பேரிங்கப் பத்தி எனக்கே பாடமா?" என்றேன்.

ஞாயிறு காலை கிளம்பினோம். குள்ளஞ்சாவடி வந்ததும் அவள் மூக்கைச் சுளித்தாள். "ஏதோ கருகுதுங்க."

"முன்னாடி போற லாரியா இருக்கும்."

லாரி வேறு ரோட்டில் திரும்பிய பிறகும் வாடை போகவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். டிரெய்லரின் இடது சக்கரம் தள்ளாடியது. ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தி இறங்கினேன். சக்கரத்தின் நடுவில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. ஆறவிட்டு, ஜாக்கி போட்டுக் கழற்றினேன். உள்ளே உருளைகள் துருவேறி, வெந்து நீலம் பாரித்திருந்தன. சக்கரத்தின் பின்பக்கம் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் பிதுங்கி வெளியே தொங்கியது.

பார்த்ததுமே விளங்கிவிட்டது. கன்வேயர் பேரிங்கில் பழைய கிரீஸ் வெளியேற வழி இருக்கும். இதில் கிடையாது. நான் அடித்த கிரீஸ் சீலையே பிடுங்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. படகை இறக்க டிரெய்லரை ஆற்றுக்குள் தள்ளும் ஒவ்வொரு ஞாயிறும் அந்த வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் குள்ளஞ்சாவடியே கேட்கிற மாதிரி கத்தியிருப்பேன்.

ஜீப்பில் கிடந்த டூல் பெட்டியில் புது பேரிங் இருந்தது. சீல் இல்லை. திறந்திருந்த ஒரே கடையில் டிராக்டர் சீல்தான் கிடைத்தது, அளவு சேரவில்லை. சீல் இல்லாமல் மெதுவாக வீட்டுக்கு உருட்டிப் போகலாம். தண்ணீரில் இறக்க முடியாது.

அவளிடம் சொன்னேன். "தப்பு என்னுதுதான். நீ நேத்தே சொன்ன." தப்பித்தோம் என்று அவள் மூச்சு விடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் முகம் வாடிப்போனது. அதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளங்கையில் ஒரு கரண்டி அளவு கிரீஸ் எடுத்து, புது பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி உருளைகளுக்கு நடுவே ஏற்றினேன்.

"இவ்ளோதானா வேணும்?" என்றாள்.

"இவ்ளோதான்."

"அப்ப நேத்து?"

நான் சக்கரத்தைத் தூக்கப் போனேன்.

சக்கரத்தை மாட்டி ஜாக்கியை இறக்கியதும், அவள் டீக்கடை அம்மாவிடம் போய் ஒரு ஸ்டூல் கேட்டாள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டினாள், விலைச்சீட்டு தொங்கத் தொங்க. ஸ்டூலில் கால் வைத்து, என் தோளைப் பிடித்துப் படகுக்குள் ஏறிவிட்டாள்.

டீக்கடை அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இன்னாக்கா, ரோட்டுலயே ஏறி குந்திகினீங்க?"

"இங்க ஆழம் கம்மிங்க" என்றாள் என் மனைவி.

நானும் ஏறினேன். புளிச்சோற்றுத் தூக்கைத் திறந்தாள். கடலூர் பஸ் ஒன்று ஒட்டி உரசிக்கொண்டு போனதில் படகு லேசாக ஆட, சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"தண்ணியிலயும் இப்படித்தான் ஆடுமா?"

"இதைவிட மெதுவா."

ஒரு கையால் சாப்பிட்டாள். பிடித்த கையை விடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து, வடலூரில் சரியான அளவு சீல் வாங்கிவந்து வாசலில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் கொடுக்கப்போகிற பொருளாக இருந்தாலும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும் அல்லவா. உள்ளே போன் அடித்தது, அவள்தான் எடுத்தாள். பரங்கிப்பேட்டைக்காரர்.

"இல்லைங்க, படகு குடுக்கறதா இல்லைங்க. மன்னிச்சுக்கோங்க... பேரிங் எல்லாம் நல்லாத்தான் இருக்குது. நான் இன்னும் தண்ணியில போகலைங்க."

வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். "தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன். மூணாவது மாடி வேண்டாம். வடலூர்ப் பக்கமே வாசல் அகலமா ஒரு வீடு பாருங்க."

குனிந்து அடுத்த சக்கரத்துக்குக் கிரீஸ் வைக்க ஆரம்பித்தேன்.

"போதுமுங்க" என்றாள்.

உடனே நிறுத்தினேன்.