செஞ்சிக்குப் போய்த் திரும்பும் வேலை

போன வாரம் ஒரு தோழிக்கு எங்கள் ஊருக்கு வரும் வழியை அனுப்பலாமென்று போனில் ஊர்ப் பெயரைத் தட்டினேன். ஏதோ ஒரு பக்கம் திறந்தது. இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், பக்கத்து டவுன் செஞ்சி, பேருந்து வசதி உண்டு என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் டீசல் வாசனையும் எலுமிச்சம்பழச் சோற்று வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறின. சொன்னால் நம்பமாட்டீர்கள், எங்கள் ஊர் ஜனத்தையும் எங்கள் பஸ்ஸையும் ஒரே காலையில்தான் கணக்கெடுத்தார்கள்.

அப்போது நான் செஞ்சியில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, ஒரே டவுன் பஸ். ஏற ஆளில்லை, நிறுத்தப்போகிறார்கள் என்று கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். மெயின் ரோடு வரை தனியாக நடந்துபோக நைனா விடமாட்டார்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "பஸ்சு நின்னுச்சின்னா நீயும் நின்னுக்க" என்றார். அன்றைக்கே மாப்பிள்ளைப் பேச்சும் வந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊரில் எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் ஜெபம் முடிந்ததும், அதை நடத்தும் உபதேசியார்தான் அறிவிப்பார். கோயில் கூட்டுவதற்கு வீட்டுக்கு வீடு முறை வைப்பதுபோல, பஸ் ஏறுவதற்கும் முறை வைத்தார். முறை வந்தவர்கள் குளித்துத் தலைவாரி, எலுமிச்சம்பழச் சோறு கட்டிக்கொண்டு செஞ்சிக்கு வந்து, பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து சாயங்காலம் வரை கோட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற கோட்டைதான். பெரியம்மா நடவு வேலையை விட்டுவிட்டு வந்து, அங்கே பொழுது போக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். முதல் முறையைக் கேட்டு வாங்கியது யார் என்கிறீர்கள்? என்னை நின்றுகொள்ளச் சொன்ன அதே நைனாதான்.

பிறகு, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ண பஸ் டிப்போ ஆபீசரே வரப்போகிறார் என்று தெரிந்தது. அன்றைக்கு முறையெல்லாம் கிடையாது. உபதேசியார் கோயில் மணியை அடித்தார், கைக்குழந்தைகள் உட்பட ஊரே ஏறியது. பஸ் ஏறினாலே வாந்தியெடுக்கும் சின்னப்பன் மாமா மட்டும் ஊருக்குக் காவல்.

அதே காலையில் ஜனக் கணக்கெடுக்கும் வாத்தியார் ஊருக்குள் வந்திருக்கிறார். எல்லா வீடும் பூட்டு. ஆளெல்லாம் எங்கே என்று மாமாவைக் கேட்டாராம்.

"எல்லாம் பஸ்சுலதான் இருக்குது சார்."

வாத்தியார் மொபெட்டைத் திருப்பி, துரத்திவந்து, கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டார். முன்படியிலிருந்து ஆபீசர் எண்ணிக்கொண்டு வந்தார், பின்படியிலிருந்து வாத்தியார். நடுவில் நைனா நின்ற இடத்தில் இருவரும் முட்டிக்கொண்டு, எண்ணியதை மறந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். வாத்தியாருக்குச் சந்தோஷம், வெயிலில் வீடு வீடாக அலைய வேண்டியதில்லை. ஆபீசருக்குத்தான் சந்தேகம். செஞ்சியில் என்ன வேலை என்று நைனாவைக் கேட்டார். நைனாவுக்குப் பொய் சொல்ல வராது.

"திரும்பி வர்ற வேலைதான் சார்."

ஆபீசர் பஸ்ஸை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். புத்தகப் பையோடு நின்ற என்னைக் காட்டி, இந்தப் பெண்ணும் அப்படித்தானா என்றார்.

"இது ஒண்ணுதான் சார் வேலையா போவுது" என்றார் நைனா.

ஆபீசர் அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. பஸ்ஸை நிறுத்தவும் இல்லை. நான் படித்து முடித்தேன்.

வேலைக்குப் போய் ஊரில் முதலில் ஸ்கூட்டி வாங்கிய பெண் நான்தான். அப்புறம் வீட்டுக்கு வீடு வண்டி வந்தது. பஸ் காலியாக வந்து காலியாகப் போய், ஒருநாள் வரவில்லை. எந்த நாள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது என்று ஆனபோது, எங்கள் ஊருக்கு பஸ்ஸே கிடையாது.

நைனாவிடம் போனைக் காட்டி, பஸ் வசதி உண்டு என்று போட்டிருப்பதைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்தார். செஞ்சியில் அவருக்கு இன்றைக்கும் ஒரு வேலையும் இல்லை. பஸ்ஸெல்லாம் இல்லை, வண்டியில் கூட்டிப்போகிறேன் என்றேன்.

"வண்டியில ரெண்டு பேருதான போவ முடியும்" என்று சட்டையை மறுபடி கொடியில் போட்டார்.