பொன்னையா கூட்டாமல் விட்ட சுட்டிகள்

இலங்கையில் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில், தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்த பொன்னையாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே லயத்து வீட்டு வாசலில் நடப்பான்.

பத்தாம் வகுப்புச் சோதனையான சாதாரண தரத்தில் கணக்குப் பாடம் ஒன்றுதான் பாக்கி. அதில் பாஸானால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை தருவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டு அங்கே போய்விடுவதென்று அவனும் மனைவி வேலாயியும் பேசி வைத்திருந்தார்கள். இருவருமே இந்தியாவைப் பார்த்ததில்லை. அந்தப் பேச்செடுத்தாலே வேலாயி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அறுபத்தொன்பது டிசம்பரில் பதுளைக்குப் போய்ச் சோதனை எழுதினான். எல்லாருக்கும் முன்னால் தாளைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தான், அவசரக்குடுக்கை! பஸ்ஸில் ஏறிய பிறகுதான் புத்தி வேலை செய்தது. 6×10⁴ஐ 5×10³ஆல் பெருக்கச் சொல்லியிருந்தார்கள். ஆறைந்து முப்பது, சரி. பத்தின் தலைமேல் இருந்த சுட்டிகளான நாலையும் மூன்றையும் கூட்டாமல் பெருக்கிப் பன்னிரண்டு என்று போட்டிருந்தான்.

பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் 60,000ஐயும் 5,000ஐயும் எழுதிப் பெருக்கினான். முப்பது கோடி. மூன்றுக்குப் பின்னால் எட்டே எட்டு சைபர். 3×10⁸. அவன் எழுதியதோ 3×10¹³. அடப் பாவி, இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வானே!

அன்றைக்குப் போன நிம்மதி திரும்பவில்லை. ஒரு கணக்கு மாதம் போகப் போகப் பத்துக் கணக்காகப் பெருகியது. மற்றதெல்லாம் சரியாக எழுதியதும் மறந்து போயிற்று.

ஏப்ரல் முடிவதற்குள் மனு அனுப்ப வேண்டும், அனுப்பிவிட்டால் திரும்ப வாங்க முடியாது என்றார்கள். மாதம் பாதியிலேயே மனுப் பாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஒரு கணக்குதானேங்க பிழையாப் போச்சு? இன்னும் நாளு இருக்கு. ரிசல்ட் வரட்டும்," என்றாள் வேலாயி.

"ஒனக்கென்னா புள்ள தெரியும்? சுட்டியப் பெருக்கி வச்சவனுக்கு எவன் பாஸ் குடுப்பான்? இனி என்னால காத்துக் கெடக்க முடியாது."

கையெழுத்துப் போட்டு, அவளையும் பெருவிரல் வைக்கச் சொல்லி, அன்றே தபாலில் சேர்த்தான். நெஞ்சு கொஞ்சம் லேசானது போலிருந்தது.

நாலாம் நாள் ரிசல்ட் வந்தது. பொன்னையா அதை மூன்று தரம் படித்தான். முகம் வெளுத்துவிட்டது.

"என்னாங்க போட்டிருக்கு?"

"பாஸுன்னு போட்டிருக்கு புள்ள."

வேலாயி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"நல்லவேளை! அப்ப நாம போக வேணாந்தானே?"