வேண்டாம் சொல்லும் விரல்

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அவள் பேசுவதெல்லாம் கையால்தான். அந்தக் கைப்பேச்சில் கட்டை விரலைத் தூக்கினால் பிடித்திருக்கிறது, சுண்டு விரலைத் தூக்கினால் வேண்டாம். பெண் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் சுண்டு விரலைக் காட்டி அனுப்பிய மகராசி அவள். அப்பேர்ப்பட்ட விரலை, ஞாயிற்றுக்கிழமை ஒரு மாப்பிள்ளை வரப்போகிற நேரம் பார்த்து, வெள்ளிக்கிழமை சுளுக்கிக்கொண்டாள்.

லாரித் தண்ணீர் பிடித்துக்கொண்டு படியேறும்போது குடம் நழுவியிருக்கிறது. விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டாள். விளிம்பில் மாட்டிய வலது கைச் சுண்டு விரல் பின்னால் மடங்கிவிட்டது. நான் பார்த்தபோது கத்தரிப்பிஞ்சு மாதிரி வீங்கியிருந்தது.

அதற்குள் அம்மா விளக்கெண்ணெயோடு வந்துவிட்டாள். "எதிர்வூட்ல ரெட்டப் புள்ள பெத்தவ கீறா. அவ கையால ஒரு தபா உருவி வுட்டா சுளுக்கு ஓடியே பூடும்."

"ரெட்டப் புள்ள பெத்தது வவுறு. கைக்கும் அதுக்கும் இன்னாம்மா சம்பந்தம்? இழுத்து கிழுத்து வெச்சீங்கன்னா நான் மனுஷியா இருக்க மாட்டேன்!"

கத்தினேன்தான். வீங்கிய விரலை யாராவது உருவினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விரல் கோணவில்லை, நுனி மரத்துப் போகவில்லை, வலித்தாலும் மெல்ல மடக்கி நீட்ட முடிந்தது. இதில் ஒன்று தப்பாக இருந்திருந்தாலும் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் ஓடியிருப்பேன். முதல் வேலையாகச் சோப்பு போட்டுப் பக்கத்து விரல் மோதிரத்தைக் கழற்றினேன். அம்மா மீன் விற்கிறவள், எங்கள் வீட்டில் ஐஸுக்கா பஞ்சம்? துண்டில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். கையைத் தலையணை மேல் தூக்கி வைக்கச் சொன்னேன். அப்புறம் நடுவில் பஞ்சு வைத்து, சுண்டு விரலையும் மோதிர விரலையும் சேர்த்து, இறுக்காமல் பிளாஸ்டர் போட்டேன்.

"இனிமே உன்னால வேண்டாம்னே சொல்ல முடியாதுடீ" என்று கையாலேயே கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. இடது கையால் கேட்டாள்: அவரைப் பிடிக்கவில்லை என்றால் நான் எப்படிச் சொல்வேன்?

"பாவம், எடது கையால சொல்லிட்டுப் போறா" என்றேன் அம்மாவிடம்.

"நல்ல காரியத்துல பீச்சாங்கைய நீட்டுவாளா? வர்றவங்க இன்னா நெனப்பாங்க? அந்தக் கைய மடிய வுட்டு எடுக்கவே கூடாது, மூஞ்சிக்கு நேரா தலைய ஆட்டுறதும் மரியாத இல்ல, ஆமா!"

தள்ளிப் போடலாம் என்றேன். அதற்கும் மசியவில்லை. தடங்கல் என்று நினைத்துக்கொள்வார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை வீக்கம் பாதி வடிந்திருந்தது. பஞ்சை மாற்றிப் புதிதாகப் பிளாஸ்டர் போட்டுவிட்டேன். மாப்பிள்ளை தன் அம்மாவோடு அடையாறிலிருந்து வந்தார். அவருக்கும் காது கேட்காது. அவர் இரண்டு கையாலும் சரளமாகப் பேசினார். இவள் ஒற்றைக் கையால், அதுவும் ஒட்டிய விரல்களோடு, திக்கித் திக்கிப் பதில் சொன்னாள். நடுவில் ஒருமுறை சிரித்துக்கூட விட்டாள். இடது கை மட்டும் மடியிலேயே கிடந்தது.

"பொண்ணுக்குச் சம்மதமான்னு கேளும்மா" என்றார் அவர் அம்மா என்னிடம். நான் கேட்டேன். வலது கையில் கட்டை விரல் சும்மாதான் இருந்தது. அவள் அதைத் தூக்கவில்லை. பிளாஸ்டரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேண்டாம் என்று சொல்லவே வழியில்லாதபோது சரி என்று சொல்வதில் என்ன இருக்கிறது? எனக்கு அப்போதுதான் அது உறைத்தது.

மாப்பிள்ளை அவள் பிளாஸ்டரைப் பார்த்தார். மடியில் கிடந்த கையைப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கையசைத்தார்: அந்தக் கையால் சொல்லுங்கள். வேண்டாம் என்றாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தங்கை இடது கையை மடியிலிருந்து எடுத்தாள். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். யாரும் கட்டிப்போடாத கை அது, எந்த விரலை வேண்டுமானாலும் தூக்கலாம். அவள் அவரை நேராகப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்கினாள்.