சரளைக்கல் மேல் மீன் பெட்டி

மீன் வியாபாரத்தில் உண்மையான முதலாளி மீன்தான். கெட்டுப்போகப் போகிறேன் என்று அது சொல்லிவிட்டால், எந்த வழியிலாவது ஓடித்தான் ஆக வேண்டும்.

எண்பதுகளில் மலேசியாவில் நான் ஓடிய வழி பழைய ரயில் ரோடு. விடிந்ததும் கடலோரத்துச் சுங்கை செம்பிலாங்கில் படகு மீனை வாங்கி, ஐஸ் போட்டு, மரப்பெட்டியில் அடைத்து சைக்கிளின் பின்னால் கட்டிக்கொள்வேன். அங்கிருந்து பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் பயணம். தார்ச் சடக்கு ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். ரயில் ரோடு நேராகப் போகும். ஜப்பான்காரன் காலத்திலேயே தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். கல்லை மட்டும் யாரும் சீந்தவில்லை. ஏற்றம் கிடையாது, இறக்கம் கிடையாது, இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கேட்பதற்குச் சுகமான சவாரி போலத்தான் இருக்கும். முதுகுக்குப் பின்னால் பாரத்தைக் கட்டிக்கொண்டு சரளைக்கல் மேல் சைக்கிள் மிதித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

டயர்

தொழில் தொடங்கிய முதல் வாரம். பாதி வழியில் ஒரு கூரான கல் பின் டயரைக் கிழித்துவிட்டது. டியூப் ஓட்டை என்றால் ஒட்டுப் போடலாம். கையில் சாமான் இருந்தது. கிழிந்தது டயரே. வெயில் ஏற ஏறப் பெட்டிக்கு அடியில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பது எவ்வளவு கொடுமை என்பது ஐஸ் வைத்துப் பிழைப்பவர்களுக்குத் தெரியும். முதல் வாரமே நாறின மீனோடு போனால் அப்புறம் அந்த லயத்தில் ஒருத்தியும் என் பெட்டி பக்கம் வரமாட்டாள். டியூபை உருவி எறிந்தேன். ஓரத்திலிருந்த லாலாங் புல்லைப் பிடுங்கி டயருக்குள் திணித்தேன். கட்டியிருந்த சாரத்தில் ஒரு முழம் கிழித்துக் கிழிசலைச் சுற்றிக் கட்டினேன். மிதித்தும் தள்ளியும் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில்.

வேலை முடிந்து வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். அந்த லயத்தில் தெரேசாக்கா வாங்கினால்தான் மற்றவர்கள் வாங்குவார்கள். அவர் ஒரு மீனை எடுத்தார், செவுளைத் தூக்கிப் பார்த்தார், மோந்தார். மூடிவிட்டு இன்னொன்றை எடுத்தார். கடைசியில் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மீனு நல்லாத்தான் இருக்கு தம்பி. உன்னப் பாத்தாத்தான் செத்து ரெண்டு நாளான மாதிரி இருக்கு."

இரும்புப் பாலம்

வழியில் ஒரு பெரிய கால்வாய். ரயில் காலத்து இரும்புப் பாலத்தில் குறுக்கே பலகை போட்டு வைத்திருப்பார்கள். ஒரு மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் பலகையெல்லாம் வெள்ளத்தோடு போயிருந்தது. மிச்சம் இரண்டே இரும்பு உத்திரம். கீழே தண்ணீர் பழுப்பாகச் சுழித்துக்கொண்டு போகிறது. திரும்பிப் போய்ச் சடக்கில் சுற்றி வந்தால் மீன் தாங்காது.

சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஓர் உத்திரத்தின் மேல் அடி எடுத்து வைத்தேன். நடுப்பாலத்துக்குப் போனபோது பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் கண்ணில் வடிந்தது. துடைக்கக் கை இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் பாசியில் கால் வழுக்கியது. உத்திரத்தின் மேல் குதிரை ஏறியவன் மாதிரி தொப்பென்று உட்கார்ந்தேன். வலியில் உயிர் போய் வந்தது. ஆனால் பெட்டி இன்னும் தலையில் இருந்தது. எழுந்திருக்கவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. கழுத்து நடுங்க ஆரம்பித்தது. எனக்கு நீச்சல் தெரியாது.

அக்கரையில் ஒரு ஜாவாக்காரர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு, உத்திரத்தில் தவழ்ந்து வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். பிறகு என்னோடு வந்து சைக்கிளையும் கடத்திக் கொடுத்தார். பெட்டியில் என்ன என்று கேட்டார். திறந்து காட்டி, பெரிய மீனாக ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் தன் வெறுங்கூடையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். மலாயில் அவர் சொன்னது தமிழில் இதுதான்:

"விடிஞ்சதுலேருந்து தண்ணியையே பாத்துக்கிட்டிருக்கேன். இன்னைக்கு மீனு பாலத்து மேல வருதுன்னு எனக்கு யாரும் சொல்லலயே."

லாலாங் தீ

மழை ஒரு பக்கம் என்றால் வறட்சி இன்னொரு பக்கம். ஒரு வெயில் காலத்தில் ரயில் ரோட்டின் இரு பக்கமும் லாலாங் காய்ந்து வைக்கோலாக நின்றது. எதிரே புகை தெரிந்தது. யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்று நினைத்து மிதித்துக்கொண்டே போனேன். காற்று திரும்பியது. ஆள் உயரத் தீ படபடவென்று என் பக்கமாக ஓடி வந்தது. சைக்கிளைத் திருப்பினால் பின்னாலும் புல் பற்றிக்கொண்டிருந்தது.

எரியாதது கல் மட்டும்தான். ரோட்டின் நடுவில் சைக்கிளைச் சாய்த்துப் பெட்டியைத் திறந்தேன். ஐஸை மூடியிருந்த ஈரச் சாக்கை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டு கல்மேல் குப்புறப் படுத்தேன். சாமியைக் கும்பிட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருந்த மனைவியிடம் யார் போய்ச் சொல்வார்கள், என்னவென்று சொல்வார்கள் என்பதே மண்டைக்குள் ஓடியது. முதுகுச் சாக்கிலிருந்து ஆவி பறந்தது. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் நெருப்பு இறங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சத்தம் அடங்கித் தலையைத் தூக்கியபோது இரண்டு பக்கமும் கரி. கையில் ஒரு ரோமம் இல்லை.

மறுநாள் மீன் எடுக்கும் இடத்தில் எல்லாரும் சூழ்ந்துகொண்டு விசாரித்தார்கள். ஹோண்டா மோட்டார் சைக்கிளில் மீன் விற்கும் ஆறுமுகமும் இருந்தான். எனக்கும் அவனுக்கும் தொழில் போட்டி உண்டு, பகை கிடையாது. என் தோளில் கை போட்டுத் தனியாக அழைத்துக்கொண்டு போய், உண்மையான வருத்தத்தோடு சொன்னான்:

"செய்தி கேட்டதும் மனசே சரியில்லண்ணே. அந்த லயத்த இனிமே நான் பாத்துக்கலாமான்னு வீட்டுல ஒரு வார்த்தைதான் கேட்டேன், தட்டத் தூக்கி அடிச்சிட்டா."

ராக்கம்மா

அந்த வருஷக் கடைசி மழையில் ஆறு கரையைத் தாண்டியது. சடக்கு முழுக்க முழங்காலுக்கு மேல் தண்ணீர். தோட்டத்து லோரி நகர வழியில்லை. ரயில் ரோடு மேடாகப் போட்டது என்பதால் நான் மட்டும் மீனோடு போய்ச் சேர்ந்தேன். லயத்தில் மீனை யாரும் பார்க்கவில்லை. ராக்கம்மாவைச் சுற்றிக் கூட்டம். புல் வெட்டும் வேலையில் இருந்தவளைக் கணுக்காலில் நாகம் கொத்தியிருந்தது. புருஷன் முனியாண்டி அவளை மடியில் சாய்த்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தான். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் லீவில் போயிருந்தார். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் என் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஊர்க் கிளினிக் வரைக்கும் ரயில் ரோடு தாங்குமா என்று மட்டும் கேட்டார்.

கயிற்றை அறுத்துப் பெட்டியைத் தள்ளினேன். மீனெல்லாம் சேற்றில் சிதறியது. ராக்கம்மாவைப் பின்னால் உட்கார வைத்து, ஒரு சேலையால் என் இடுப்போடு சேர்த்துக் கட்டினார்கள். தூங்க விடாதே, பேச்சுக் கொடுத்துக்கொண்டே போ என்றார் மண்டோர். முனியாண்டி பின்னாலேயே ஓடி வந்தான். கொஞ்ச தூரத்தில் அவன் காலடிச் சத்தம் நின்றுவிட்டது.

ஒவ்வொரு கல்லுக்கும் அவள் முனகினாள். மெதுவாகப் போனால் நேரம் போகிறது, வேகமாகப் போனால் சைக்கிள் சரிகிறது. ஊரைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி என்று கேட்டுக்கொண்டே மிதித்தேன். முதலில் பதில் வந்தது. பிறகு நாக்கு குழறியது. கண் இமை தூக்க முடியவில்லை என்றாள். அப்புறம் அவள் தலை என் முதுகில் கல் மாதிரி விழுந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், அவளுக்குக் கோபம் வருகிற மாதிரி எதையாவது சொல்லலாம் என்று தோன்றியது. அவளுக்கும் எதிர்வீட்டுச் செல்லம்மாவுக்கும் ஆகாது. அந்த லயத்திலேயே மீன் குழம்பு என்றால் செல்லம்மா குழம்புதான் என்று கத்தினேன். முதுகில் அந்தத் தலை அசைந்தது. ஏதோ உறுமினாள். உயிர் இருக்கிறது. கிளினிக் வாசல் வரைக்கும் செல்லம்மாவைப் புகழ்ந்துகொண்டே போனேன்.

உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். மருந்து ஏற்றி, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சேறும் ரத்தக் காலுமாக முனியாண்டி வந்து சேர்ந்தபோது நான் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். பிழைப்பாள் என்று சொல்கிறார்கள் என்றேன். அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதான்.

தண்ணீர் வடிந்து, காலில் கட்டோடு அவள் லயத்துக்குத் திரும்பிய பிறகு ஒருநாள் மீனோடு போனேன். சுவரைப் பிடித்து மெல்ல நடந்து வந்தாள். லயமே வாசலுக்கு வந்து நின்றது. கும்பிடுவாளோ, அழுவாளோ என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ராக்கம்மா பெட்டிக்குள் குனிந்து இருப்பதிலேயே நல்ல மீனாக ஒன்றை எடுத்தாள். எதிர்வீட்டை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அன்னைக்கு நீங்க சொன்னதெல்லாம் எனக்குக் கேட்டுச்சுண்ணே. இன்னைக்கு இங்க சாப்பிட்டுட்டு, அப்புறம் சொல்லுங்க."

இத்தனைக்குப் பிறகும் மீனைக் கெடாமல் கொண்டுவந்ததற்காக ஒருவரும் என்னைப் பாராட்டியதில்லை என்றாலும், ஒரு நாள் வராவிட்டால் லயமே வாசலில் நின்று என்னைத் திட்டும் என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மரியாதை.