பம்பர் தேர்ந்தெடுத்த சோப்பு

பெயிண்ட் ஷாப்பில் வேலை பார்ப்பவனுக்கு முதல் எதிரி தூசி. இரண்டாவது எதிரி அவனுடைய சொந்தத் தாடி. ஒரகடம் பக்கத்தில் கார் பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கும் ஒரு கம்பெனியில் நான் குவாலிட்டி பார்க்கிறேன். பெயிண்ட் அடிக்கும் அறைக்கு பூத் என்று பெயர், அதற்குள் போக வேண்டுமானால் ரப்பர் முகமூடி போட வேண்டும். அது கன்னத்தோடு கன்னமாக ஒட்டி உட்கார வேண்டுமானால் கன்னத்தில் ஒரு முடி இருக்கக் கூடாது. எங்கள் சேஃப்டி ஆபீசர் வாசலில் நின்றுகொண்டு, மாப்பிள்ளை பார்க்க வந்த மாமனார் மாதிரி ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்ப்பார். லேசாகச் சொரசொரப்பு தெரிந்தாலும் அன்றைக்குப் பூத் கிடையாது.

தினமும் ஷேவ் பண்ணி, தினமும் எரிகிற முகத்தோடு ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போகும் சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான். மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று விற்கிற ரேசர்கள் எல்லாம் சேர்ந்து என் கழுத்தைக் கொப்புளக் காடாக்கிவிட்டன. அதன் மேல் முகமூடி ரப்பர் வந்து உட்காரும்போது உயிர் போய்த் திரும்பி வரும். இன்டர்நெட்டில் ஒரு கோஷ்டி, ‘மடக்குச் சவரக் கத்திதான் இதற்கு மருந்து’ என்று சத்தியம் செய்தது. நம்பினேன். கத்தி பிடிப்பதைக்கூடக் கற்றுக்கொண்டுவிடலாம், அதற்கேற்ற சோப்பைக் கண்டுபிடிப்பதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும் என்பதை அந்தக் கோஷ்டி சொல்லவில்லை. அந்தச் சோப்புத் தேடலில் என் ரத்தம் போனது போகட்டும். எங்கள் கம்பெனி மரகதம் அக்காவின் வேலையும் அல்லவா போக இருந்தது.

கத்தி வந்தது

கத்தி பார்சலில் வந்தது. தீட்டுவதற்குத் தோல் வாரும் கூடவே வந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கத்தில் சலூன் வைத்திருக்கும் சேகரிடம் போனேன். எந்தச் சாய்வில் பிடிக்க வேண்டும், என்ன சோப்புப் போட வேண்டும் என்று இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுப்பார் என்பது என் எண்ணம். அவர் தன்னுடைய பிளாஸ்டிக் கப்பில் கிடந்த வெள்ளை வட்டச் சோப்பைக் காட்டி, “இதான் சார், நல்லா வழுக்கும்” என்றார். நான் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. என் கத்தியின் கௌரவத்துக்கு அந்தக் கப் பொருந்தவில்லை.

பிறகு அவர் கத்தியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். துண்டில் துடைத்தார். பத்திரமாகப் பெட்டியில் வைத்து மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டுச் சொன்னார்: “சார், ஆளுக்கு ஆள் தீட்டினு நிக்கணுமேன்னு நாங்களே இத்த உட்டுட்டு பிளேடு மாட்டுற கத்திக்கு வந்துட்டோம். நீங்க இன்னாடான்னா காசு குடுத்து எங்க கஷ்டத்த வாங்கினு வந்துக்கீறீங்க.”

நுரை டப்பா

முதலில் வாங்கியது நுரை டப்பா. தலையை அமுக்கினால் பேக்கரி க்ரீம் மாதிரி வந்து கன்னத்தில் மலையாக நின்றது. பார்க்க அழகுதான். ஆனால் கத்தி பழகுகிறவனுக்குக் கத்தி எங்கே போகிறது என்று தெரிய வேண்டாமா? மேலே மலை, கீழே நான், நடுவில் எங்கேயோ கத்தி. அதிலும் காது பக்கம் முடித்துத் தாடைக்கு வருவதற்குள் நுரை காய்ந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. கத்தி வழுக்க வேண்டிய இடத்தில் நின்றது. நின்ற இடத்தில் ரத்தம் வந்தது.

பஞ்சை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். முகமூடியை இறுக்கியதும் பஞ்சு நனைந்து சட்டைக் காலருக்கு வந்துவிட்டது. முதலுதவி அறைக்குப் போனால் அங்கே நர்ஸ் சிஸ்டர் பதறிப்போய், “எந்த மெஷின் சார்? எந்த லைன்?” என்று கேட்டார். அந்த அறைக்கு வெளியேதான் விபத்தில்லாமல் ஓடிய நாள்களைக் காட்டும் பெரிய போர்டு மாட்டியிருக்கிறது. வீட்டில் சவரக் கத்தியால் வெட்டிக்கொண்டேன் என்று சொன்னதும் சிஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது. பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டே சொன்னார்: “வூட்லயே வெட்டிகினு வந்துட்டீங்களா? ரொம்ப நல்லது சார். போர்டுல நம்பர மாத்த வேணாம்.”

உப்புத் தண்ணீர்

நுரை டப்பா வேண்டாம், சோப்புக் கட்டியும் பிரஷும்தான் புதியவனுக்கு நல்லது என்று கோஷ்டி தீர்ப்புச் சொன்னது. மரக் கிண்ணத்தில் வைத்த வெளிநாட்டுச் சந்தனச் சோப்பு ஒன்றை வரவழைத்தேன். அதன் மூடியில் குதிரை மேல் ஒரு கனவான் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் தெரு போர்வெல் தண்ணீரைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. பிரஷை எவ்வளவு சுற்றினாலும் நுரை வரவில்லை, திரிந்த பால் மாதிரி ஏதோ வந்தது. உடனே குடிக்கிற கேன் தண்ணீரைச் சாய்த்தேன். அதைப் பார்த்த என் மனைவி சுமதி, “கொழந்தைங்க குளிக்கிறது உப்புத் தண்ணில, உங்க தாடைக்கு மட்டும் கேன் தண்ணியா?” என்றாள். நியாயமான கேள்விதான். அதனாலேயே கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

அப்போதுதான் எனக்கு இன்னொரு யோசனை வந்தது. எங்கள் பிளான்ட்டில் பம்பரைக் குளிப்பாட்டுவதற்கென்றே உப்பைச் சுத்தமாக எடுத்துவிட்ட தண்ணீர் இருக்கிறது. இந்த வட்டாரத்திலேயே நல்ல தண்ணீரில் குளிப்பது எங்கள் பம்பர்கள் மட்டும்தான். லேபில் கேட்டுக்கொண்டு ஒரு பாட்டில் பிடித்தேன். சாயங்காலம் கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்தார். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். வாசனை ஒன்றும் இல்லாததால் அவருக்குச் சந்தேகம் இன்னும் பலமாகிவிட்டது. முகம் மழிக்க என்று நான் விளக்கிச் சொன்னதும், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “தண்ணிய உள்ள கொண்டார்றவங்களத்தான் சார் இவ்ளோ நாளா புடிச்சினு இருந்தோம். தண்ணிய வெளிய எடுத்துனு போற மொத ஆளு நீங்கதான்.”

மீன் கண்

கத்தி கொஞ்சம் கைக்கு வந்துகொண்டிருந்த சமயத்தில் பிளான்ட்டில் மீன் கண் வந்தது. பயப்பட வேண்டாம், நோய் இல்லை. பெயிண்ட் அடித்த பம்பரில் குண்டூசித் தலை அளவுக்குக் குழி குழியாக விழும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் அது. பம்பர் மேல் க்ரீம், ஜெல் மாதிரி ஏதாவது வழவழப்பு துளி பட்டிருந்தாலும் போதும், பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகிக்கொள்ளும். அந்த மாதம் தினமும் காலை ஷிஃப்டில் நாலைந்து பம்பர் இப்படிக் கெட்டது. கார் கம்பெனிக்காரர்கள் பார்வையிட வருவதாக வேறு சொல்லியிருந்தார்கள்.

எங்கள் மேனேஜர் யோசிக்கும்போது தாடையைத் தடவுவார். அன்றைக்கும் தடவினார். தடவி முடித்ததும், “துடைக்கிற லேடீஸ் யாரோ ஃபேஸ் க்ரீம் போட்டுட்டு வராங்க. கடைசியா தொடறது யாரு?” என்றார். கடைசியாகத் தொடுவது பிள்ளைப்பாக்கம் மரகதம் அக்கா. பம்பர் பூத்துக்குள் நுழையும் முன் ஒரு தூசி இல்லாமல் துடைத்து அனுப்புவது அவர்தான். கான்ட்ராக்ட் வேலை. மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளின் படிப்பு அதில்தான் ஓடுகிறது. “புதுப்பிக்காதே, ஆளை மாத்திடு” என்றார் மேனேஜர். இளைத்தவன் தலையில் மிளகாய் அரைப்பது என்றால் இதுதான். எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை மேனேஜரிடம் காட்ட முடியாது என்பதால், “சோதனை பண்ணிட்டு முடிவெடுக்கலாம் சார்” என்று மட்டும் சொன்னேன்.

பூத்துக்கு வருகிற எல்லோரும் முகத்தில் போடுவதை மறுநாள் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. அதைச் சோதனைத் தகட்டில் துளி தடவி, பெயிண்ட் அடித்து, பெயிண்ட் காய்ச்சும் அடுப்பில் சுட்டுப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். மரகதம் அக்கா ஒரு மஞ்சள் கிழங்கையும் பாதி கரைந்த குளியல் சோப்பையும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். வேறு க்ரீம் எதுவும் இல்லையா என்று நான் கேட்டிருக்கவே கூடாது. கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்: “க்ரீம் போடுற அளவுக்குச் சம்பளம் ஏத்திக் குடுங்க சார். அடுத்த மாசம் அதையும் கொண்டாந்து தரேன்.”

தகட்டுப் பரீட்சை

ஊரார் சோப்பை எல்லாம் சோதித்துவிட்டு என்னுடையதை மட்டும் விடுவது நியாயமில்லை. நான் தூக்கிப் போட்டிருந்த நுரை டப்பா, குதிரைக் கனவானின் சந்தனச் சோப்பு இரண்டையும் வைத்தேன். ஆளுக்கு ஆள் வைக்கிறார்களே என்று, சேகர் காட்டிய வட்டச் சோப்பையும் ஒரு கட்டி வாங்கி வைத்தேன். தகடு வெளியே வந்தது. மஞ்சள், குளியல் சோப்பு இரண்டும் பாஸ். நுரை டப்பா தடவிய இடம் அம்மை வார்த்த மாதிரி இருந்தது. கனவானும் இரண்டு குழி வாங்கியிருந்தார். வட்டச் சோப்பு தடவிய இடத்தில் என் முகமே தெரிந்தது.

அன்று சாயங்காலமே அந்தச் சோப்பைப் போட்டுப் பார்த்தேன். பம்பர் தண்ணீர் தேவைப்படவில்லை. உப்புத் தண்ணீரிலேயே மெல்லிசாக, வழவழவென்று நுரைத்தது. அடியில் தோல் தெரிந்தது, கத்தி போகிற பாதை தெரிந்தது. வெட்டு இல்லாத முகத்தோடு சலூனுக்குப் போய், நீங்கள் சொன்னதுதான் சரி என்று சேகரிடம் ஒத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை. “ஐய, அதான் கடையில வெல கம்மி சார், அதுக்கோசரம்தான் வாங்கறேன்” என்றார்.

யோசிக்கும் தாடை

அக்காவின் மஞ்சள் பாஸானதில் மேனேஜருக்குத் திருப்தி இல்லை. மீன் கண் நிற்கவில்லையே, யாராவது பதில் சொல்லியாக வேண்டுமே என்றார். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கோ கத்தியைக் கையில் எடுத்த நாளிலிருந்து ஒரு வியாதி: யாரைப் பார்த்தாலும் தாடையைத்தான் பார்ப்பேன். இவர் எதில் மழிக்கிறார், எந்தப் பக்கம் விட்டுவிட்டார் என்று மனசு கணக்குப் போடும். அப்படித்தான் ஒரு நாள் காலை ரவுண்டு வந்த மேனேஜரின் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பளபளவென்று இருந்தது. அவர் யோசித்தார். தாடையைத் தடவினார். தடவிய கையாலேயே, அக்கா துடைத்து வைத்த பம்பரை நீளமாகத் தடவி, “ம், பரவாயில்லை” என்றார். நாங்கள் எல்லோரும் கையுறை போட்டிருந்தோம். விதி போட்ட கைக்கு விதி கிடையாது.

பூனைக்கு யார் மணி கட்டுவது? நான் வேறு வழியில் போனேன். “சார், கத்தி பழகுறேன். உங்க முகம் மாதிரி வரமாட்டேங்குது. என்ன போடுறீங்க?” என்றேன். மனிதர் குளிர்ந்துபோனார். மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஃபோம் டப்பாவை மறுநாளே எடுத்துவந்து, கொஞ்சம் போட்டுப் பாரு என்று கொடுத்தார். போட்டேன், தகட்டில். சுட்டு எடுத்தால் சந்திரனைப் பக்கத்தில் போய்ப் படம் எடுத்த மாதிரி இருந்தது. தகட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். “பார்த்தியா, நான் சொல்லல? யாரோடது இது? இன்னிக்கே ஆளை அனுப்பிடு” என்றார். “உங்களோடதுதான் சார்” என்றேன். அவர் கை தாடை வரைக்கும் போய், தொடாமல் நின்றது. கடைசியில் சொன்னார்: “அப்போ ஆளை மாத்த வேணாம். சோப்பை மாத்திடலாம்.”

பயிற்சி வகுப்பு

கார் கம்பெனிக்கு அறிக்கை போக வேண்டும். அதில் மேனேஜரின் கை என்று எழுத முடியுமா? ‘ஊழியர்களிடையே ஷேவிங் பொருள்கள் குறித்த விழிப்புணர்வு குறைவு’ என்று எழுதினார்கள். குறைவு என்றால் கூட்ட வேண்டும் அல்லவா? முதல் வகுப்பு, பம்பர் துடைக்கும் பிரிவுக்கு. அந்தப் பிரிவில் அத்தனை பேரும் பெண்கள். பாடம் எடுக்கிறவன், பிளான்ட்டிலேயே இந்தத் துறையில் அதிக ரத்தம் சிந்திய நான். பிளாஸ்டிக் கப்பில் வட்டச் சோப்பைப் போட்டு, பிரஷைச் சுற்றி, நல்ல நுரை எப்படி இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்களுக்கு விளக்கினேன். முதல் வரிசையில் உட்கார்ந்து மேனேஜர் தலையாட்டினார். அவர் தாடையில் புதிதாக ஒரு பிளாஸ்டர் இருந்தது. அவரும் கத்தி வாங்கிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

கடைசியில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். ‘நான் ஷேவிங் ஃபோம் உபயோகிக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்’ என்று அதில் அச்சடித்திருந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும். மரகதம் அக்காவுக்குக் கான்ட்ராக்டை நீட்டித்த செய்தி அன்று காலையில்தான் வந்திருந்தது. அவர்தான் முதலில் எழுந்து வந்தார். தாளை நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்தார். என்னிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டு, மேனேஜரைப் பார்த்துச் சொன்னார்: “இதுவரைக்கும் போட்டதில்ல சார். இனிமேலும் போடமாட்டேன். கையெழுத்து எங்க வெக்கணும்?”

ஆகவே, சவரக் கத்தி பழகச் சோப்புத் தேடும் சக பாவிகளே, நம் முகம் எதைப் போட்டாலும் பொறுத்துக்கொண்டு பழியை அடுத்தவர் மேல் போடும், பம்பருக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பதால், பம்பர் சொல்கிற சோப்பையே வாங்குங்கள்.